முயற்கதை சொன்ன அம்மையாரும் முரட்டுக் கம்பளியும்

ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே பீற்றர் என்னும் குறும்புக்கார முயற்குட்டியின் கதையைக் கேளாது வளரும் குழந்தைகள் மிகச் சிலரே. நீலச் சட்டை அணிந்து, தாய் சொல்லைத் தட்டி, அயலாரின் தோட்டத்தினுள் நுழைந்து, உயிர் தப்பினாற் போதுமென்று ஓடிவந்த அம்முயலைப் படைத்தவர் பியற்றிக்ஸ் பொற்றர் என்னும் அம்மையார் என்பதும் பலர் அறிந்ததே. ஆயின், அவ்வம்மையார் தம் வாழ்நாளின் இறுதி முப்பதாண்டுகளைப் பெரும்பாலும் கதை எழுதுவதிலன்றி ஆடு வளர்ப்பதிலேயே செலவிட்டார் என்பதும், அவர் வளர்த்த ஆடு சந்தையிலே விலைபோகாத முரட்டுக் கம்பளியை உடையது என்பதும், அவ்வாட்டினம் தன் மலைகளிலே இன்றளவும் நிலைத்திருப்பதற்கு அவர் எழுதிவைத்த மரணசாசனமும் ஒரு காரணம் என்பதும் பலர் அறியாதன. அவற்றை எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருத்தியாற் பெற்ற செல்வம்

பியற்றிக்ஸ் 1866ஆம் ஆண்டு ஆடி மாதம் 28ஆந் திகதி இலண்டன் மாநகரின் தென் கென்சிங்ரன் பகுதியிலே பிறந்தார். தந்தையார் றூபேட் பொற்றர் நியாயதுரந்தரர். எனினும் தொழில் செய்து வாழவேண்டிய நிலை அவருக்கு இருந்ததில்லை. தந்தைவழியிலும் தாய்வழியிலும் வந்த செல்வம் யாவும் வட இங்கிலாந்தின் பருத்தித் தொழிலால் ஈட்டப்பட்டது. பாட்டனாராகிய எட்மண்ட் பொற்றர் பருத்தித் துணியிலே பல நிறப் பூவேலைகளை அச்சிடும் பெரிய ஆலை ஒன்றை நடத்தியவர். மெல்லிய துணி, எச்சாயத்தையும் ஏற்கும் துணி, உலகச் சந்தையெங்கும் விலைபோகும் துணி. அத்துணி தந்த பொருளிலேயே பேர்த்தியார் வளர்ந்தார். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்மக்களைப் போல அவரும் பாடசாலைக்கு அனுப்பப்பட்டாரல்லர். வீட்டின் மேன்மாடியிலே ஆசிரியைமாரிடம் கல்வி, விளையாட்டுத் தோழனாக ஆறாண்டு இளைய தம்பி ஒருவன், இவ்வளவே அவருலகம். தம்பி பாடசாலைக்குப் போனபின் தனிமையே துணையாயிற்று. முயல், எலி, முள்ளெலி, பல்லி, வௌவால் முதலியவற்றை வீட்டினுள்ளே வளர்த்து, அவற்றின் உடலமைப்பையும் நடையையும் கூர்ந்து நோக்கி வரைந்து பழகினார். தமக்கென ஒரு மறைகுறி எழுத்தை ஆக்கி, அதிலே நாட்குறிப்பு எழுதிவந்தார். அவர் இறந்து பல்லாண்டு கழிந்து, 1958ஆம் ஆண்டிலேதான் லெஸ்லி லிண்டர் என்பவர் அம்மறைகுறியைப் படித்தறிந்தார்.

பொற்றர் குடும்பத்தார் கோடைதோறும் நகரை நீங்கி மலைநாடுகளிலே மாதக்கணக்காகத் தங்குவது வழக்கம். முதலிற் பல்லாண்டுகள் ஸ்கொத்லாந்துக்குச் சென்றனர். 1882ஆம் ஆண்டிலே, பியற்றிக்ஸ் பதினாறு வயதினராயிருந்தபோது, வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிநாட்டிலே விண்டமியர் ஏரிக்கரையிலுள்ள றே மாளிகையிலே தங்கினர். அவ்வூர்க் குருவானவராக இருந்தவர் ஹாட்விக் றோன்ஸ்லி. இயற்கையழகும் பழைய குடியான் வாழ்வும் புகைவண்டிப் பாதைகளாலும் செல்வர் மாளிகைகளாலும் அழிந்துபோகாமற் காக்கவேண்டுமென்று அயராது உழைத்தவர் அவர். 1895ஆம் ஆண்டிலே ஒக்ரேவியா ஹில் அம்மையாரோடும் றொபேட் ஹன்ரரோடும் சேர்ந்து நாஷனல் ட்றஸ்ட் என்னும் தேசிய நிதியத்தைத் தாபித்தவரும் அவரே. ஏரிநாட்டின் ஆட்டினத்தைப் பேணுதற்கென 1899ஆம் ஆண்டிலே தோன்றிய சங்கத்திலும் அவருடைய பங்கு பெரிது. அன்று அப்பெண்ணின் நெஞ்சிலே அவர் இட்ட வித்து முளைத்துப் பயன்தர நாற்பதாண்டுகள் ஆயின.

அடைபட்ட கதவுகள்

இளம்பருவத்திலே பியற்றிக்ஸின் உள்ளம் விஞ்ஞானத்தையே நாடியது. காளான்களை ஆயிரக்கணக்கான நுண்ணிய கோடுகளால் வரைந்தார். நுணுக்குக்காட்டியின்கீழ் அவற்றின் வித்திகள் முளைக்குமாற்றை ஆராய்ந்தார். ஆயினும் கியூ தாவரவியற் பூங்காவின் அதிகாரிகள் அவருடைய ஆய்வைப் பொருட்படுத்தவில்லை. 1897ஆம் ஆண்டு சித்திரை மாதம் இலண்டன் லின்னேயன் கழகத்திலே அவருடைய கட்டுரை ஜோர்ஜ் மஸ்ஸி என்பவராற் சமர்ப்பிக்கப்பட்டது. கூட்டங்களிற் பெண்கள் அமர்வதற்கு அக்கழகம் அன்று இடந்தரவில்லை. கட்டுரை அச்சேறாமலே திரும்பிற்று.

ஒரு கதவு அடைபட, வேறொரு கதவைத் தாமே திறந்தார். தம் முன்னாள் ஆசிரியையின் மகனாகிய நோவல் என்னும் சிறுவன் நோயுற்றிருந்தபோது, அவனை மகிழ்விக்கக் கருதி 1893ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே படங்களோடு கூடிய கடிதமொன்று எழுதியிருந்தார். அக்கடிதத்திற் பிறந்தவனே முயற்குட்டி பீற்றர். பிரசுராலயங்கள் பல அதனை ஏற்க மறுத்தன. 1901ஆம் ஆண்டு மார்கழியிலே தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 250 பிரதிகள் அச்சிட்டார். அதன்பின் பிரெடெரிக் வோர்ன் நிறுவனத்தார் 1902ஆம் ஆண்டிலே வண்ணப்படங்களுடன் வெளியிட, நூல் அளவிறந்து விற்பனையாயிற்று.

அந்நிறுவனத்திலே அவருடைய நூல்களைப் பொறுப்பேற்று நடத்தியவர் நோர்மன் வோர்ன். நூல்களைப் பற்றிய கடிதத் தொடர்பு நட்பாகி, நட்பு அன்பாயிற்று. 1905ஆம் ஆண்டு ஆடி மாத இறுதியில் நோர்மன் மணவிருப்பந் தெரிவித்தார்; பியற்றிக்ஸ் இசைந்தார். வணிகத் தொழிலர் ஒருவருக்குத் தம் மகளைக் கொடுப்பதா என்று பெற்றோர் தடுத்தனர். பருத்தி வணிகத்தாற் செல்வரானவர்களே நூல் வணிகரை இழிவாகக் கருதிய விந்தையை என்னென்பது! முப்பத்தொன்பது வயதினராகிய மகள் அத்தடையைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் விதி வேறு கருதிற்று. மணம் பேசி ஒரு திங்கள் கழியுமுன், ஆவணி மாதம் 25ஆந் திகதி, நோர்மன் குருதிப் புற்றுநோயால் இறந்தார்.

அவ்வாண்டின் இறுதிக்குள் பியற்றிக்ஸ் ஏரிநாட்டின் நியர் சோறி என்னுஞ் சிற்றூரிலே ஹில் ரொப் என்னும் சிறு கமத்தைத் தம் நூல்களால் வந்த பொருளையும் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பொருளையுங் கொண்டு வாங்கினார். துயரத்தைப் பேச்சாற் போக்குபவர் சிலர். கண்ணீராற் போக்குபவர் சிலர். இவர் உழைப்பாற் போக்க முற்பட்டார். பெற்றோரைப் பேணுங் கடமை இன்னும் இலண்டனிலே அவரைப் பிணித்திருந்தது. கிடைத்த நாள்களிலெல்லாம் கமத்துக்கு ஓடிவந்து, கமத்தை நடத்திய கனன் என்பவரிடம் பசுவையும் பன்றியையும் ஆட்டையும் பற்றிக் கேட்டுக் கேட்டுக் கற்றார். அவ்வாண்டிலேயே வெளிவந்த அவருடைய கதையொன்றில் முள்ளெலியாகிய சலவைக்காரி ஆட்டுக்குட்டிகளின் கம்பளிச் சட்டைகளையும் வெளுத்துக் கொடுக்கிறாள். அச்சட்டைகளின் தோளிலே ஆட்டுக்குறி இட்டிருக்கிறது. கதையிற் கண்ட அக்குறியை இனிக் கமத்தில் உண்மையாகவே இடவேண்டிய காலம் வந்தது.

ஹேர்ட்விக் ஆடு

அக்கமத்திற் குடிபுகுந்த ஆட்டினத்தின் பெயர் ஹேர்ட்விக். இச்சொல் பழைய ஆவணங்களிலே ஆட்டுக்குரிய மேய்ச்சற் கமத்தைக் குறித்து வழங்கியது. பின்னர் அங்கு மேயும் ஆட்டுக்கே ஆகுபெயராயிற்று. வடபுலத்துக் கடலோடிகள் கொணர்ந்த இனம் என்றும், உடைந்த கப்பலொன்றிலிருந்து நீந்திக் கரையேறிய இனம் என்றும் கதைகள் உள. அவற்றுக்குச் சான்றில்லை. பல நூற்றாண்டுகளாக அம்மலைகளிலே வாழ்ந்து அம்மலைகளுக்கேற்ப அமைந்த இனம் என்பதே துணிபு.

இதன் குட்டிகள் கரிய நிறத்தோடு பிறப்பன. ஓராண்டு சென்றபின் கம்பளி கபிலநிறம் பெறும். முதன்முறை கத்தரித்த பின்னர் ஆண்டுதோறும் வெளுத்து, முடிவில் மழைமேகம் போன்ற சாம்பல் நிறம் எய்தும். முகமும் காலும் உறைபனி படிந்தாற் போல வெண்மையாகும். கடாக்கள் பெரும்பாலும் கொம்புடையன, மறிகளுக்குக் கொம்பில்லை. இங்கிலாந்திலேயே மழை மிகுந்த பகுதி ஏரிநாடு. காற்றும் பனியும் மழையும் மாறிமாறி அறையும் மலைமுகடுகளிலே, கொழுவிய தீனி எதுவுமின்றி, புல்லையும் புதரையும் மேய்ந்து உயிர்வாழும் ஆற்றல் இவ்வாட்டுக்கு உண்டு. பனிக்குவியலுட் புதையுண்டு பல நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்ட ஆடுகளைப்பற்றி இடையர் சொல்வர்.

இவ்வாற்றலுக்குக் காரணமானது அதன் கம்பளி. அது மூவகை மயிர் கலந்தது. புறத்தே நீண்டு தடித்த மயிர் மழைநீரை வழிந்தோடச் செய்யும். அகத்தே குறுகிய நெருங்கிய மயிர் உடற்சூட்டைக் காக்கும். இவ்விரண்டனோடும் விரவிக் கிடப்பது கெம்ப் எனப்படும் குறுமயிர். அஃது உள்ளே புழையுடையது, விறைத்தது, எளிதில் ஒடிவது, சாயத்தை ஏலாதது. மெறினோ ஆட்டின் மயிர் ஏறத்தாழ 20 மைக்குரோன் தடிப்புடையதாக, ஹேர்ட்விக் மயிர் 35 மைக்குரோனுக்கும் மேற்பட்டது. ஓராட்டிலிருந்து கிடைப்பதும் ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம் வரையே. ஆகவே நெசவாலையார் கண்ணில் இஃது எல்லாக் குற்றமும் உடையது. மென்மையில்லை, நிறமேறாது, உடலோடு ஒட்ட அணிந்தாற் குத்தும், நிறையுங் குறைவு.

எனினும் அக்குற்றங்களையே மறுபுறத்திலிருந்து நோக்குக. தேயாத கம்பளம் வேண்டுமா? இக்கம்பளியே தக்கது. மழையிலே நாள் முழுதும் நிற்கும் இடையனுக்குக் கவசம் போன்ற மேற்சட்டை வேண்டுமா? இதுவே தக்கது. சாயம் ஏறாவிட்டாலென்ன? கருமை, கபிலம், சாம்பல், வெண்சாம்பல் என இயற்கையே ஊட்டிய நிறங்கள் உள; அவை வெளுப்பதுமில்லை. கம்பலாந்துப் பகுதியிற் புகழ்பெற்ற வேட்டைக்காரராகிய ஜோன் பீல் அணிந்த சாம்பல்நிறச் சட்டையும் இக்கம்பளியால் ஆனதே என்பது அந்நாட்டு வழக்கு.

இவ்வாட்டின் மற்றோர் இயல்பு இன்னும் வியப்புக்குரியது. அம்மலைமுகடுகளிலே வேலியில்லை. பல கமங்களின் ஆடுகளும் அடுத்தடுத்து மேய்கின்றன. ஆயினும் ஒரு மந்தை தன் எல்லையை விட்டு அயல் எல்லைக்குப் பெரும்பாலும் போவதில்லை. தாய் மேய்ந்த இடத்தைக் குட்டி தாயோடு திரிந்து அறிகிறது. வளர்ந்து தன் குட்டிக்கு அதனைக் கற்பிக்கிறது. இவ்வாறு நூற்றாண்டுகளாக வரும் இடவறிவை மந்தையினின்றும் பிரித்தல் இயலாது. மந்தையை விற்றுவிட்டுப் புதிய ஆடுகளைக் கொணர்ந்தால், அவை எல்லையறியாமற் சிதறிப்போம். ஆதலின் அந்நாட்டிலே கமம் கைமாறும்போது மந்தையும் கமத்தோடு சேர்ந்தே கைமாறும். குத்தகைக்காரன் நீங்கும்போது தான் ஏற்ற அளவு ஆடுகளை அங்கேயே விட்டுச்செல்ல வேண்டும். வழிதவறும் ஆடுகளை இனங்காணக் காதிலே வெட்டுக்குறியும் கம்பளியிலே நிறக்குறியும் இடுவர். இக்குறிகளைத் தொகுத்து 1817ஆம் ஆண்டிலேயே யோசப் வோக்கர் என்பார் இடையர்க்கு ஒரு கைந்நூல் வெளியிட்டார். ஆடுகளை எண்ணுதற்கு அவ்விடையர் வழங்கிய பழைய எண்ணுப்பெயர்களும் தனியானவை. ஒன்றையும் இரண்டையும் அவர்கள் யான், தான் என எண்ணினர் என்று கேட்குந் தமிழ்ச்செவி ஒருகணம் திடுக்கிடும்! ஒலியொற்றுமை தவிர வேறு தொடர்பு அதிற் கிடையாது. அவை பழைய வேல்சு மொழியினத்தைச் சார்ந்தன.

கமக்காரி ஹீலிஸ்

ஹில் ரொப்புக்கு அயலிலே நிலங்கள் விலைக்கு வரும்போது பியற்றிக்ஸ் வாங்கிவந்தார். 1909ஆம் ஆண்டிலே காசில் பாம் என்னும் கமம் அவர்கைக்கு வந்தது. ஆவணங்களை எழுதியும் எல்லைகளைத் தெளிவுபடுத்தியும் உதவியவர் ஹோக்ஸ்ஹெட் ஊரிலிருந்த சட்டத்தரணி வில்லியம் ஹீலிஸ். இம்முறையும் பெற்றோர் தடுத்தனர். ஊர்ச் சட்டத்தரணியும் அவர்கள் தகுதிக்குக் குறைந்தவரே! ஆயினும் 1913ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே, நாற்பத்தேழாம் வயதில், பியற்றிக்ஸ் திருமதி ஹீலிஸ் ஆனார். அதன்பின் அயலவர் அவரை அப்பெயரால் அன்றி வேறு பெயரால் அறிந்திலர். பொற்றர் என்னும் பெயர் நூலட்டையோடு நின்றது. கண்பார்வை மங்கியதாலும், மனம் மண்ணிலும் மந்தையிலும் ஊன்றியதாலும் சிறு நூல்கள் அருகின.

1920ஆம் ஆண்டின்பின் ஏரிநாட்டுக் கமங்களுக்குத் தீங்கு சூழ்ந்தது. போர்க்காலத்தில் ஏறிநின்ற விலைகள் வீழ்ந்தன. கம்பளம் விரித்த வீடுகளிலே லினோலியம் என்னும் மலிவான விரிப்புப் பரவியதால் முரட்டுக் கம்பளியை வாங்குவோர் குறைந்தனர். கமக்காரர் சிலர் ஹேர்ட்விக்கை விடுத்து வேறினங்களைக் கலக்கத் தலைப்பட்டனர். மற்றொருபுறம் நகரச் செல்வர் ஏரிக்கரைகளிலே வீடுகட்டுதற்கு நிலந்தேடினர். கமம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டால் மந்தை அழியும். மந்தை அழிந்தால் அதன் இடவறிவும் அழியும். பின்னர்ப் பொன்னைக் கொட்டினாலும் அதனை மீட்க இயலாது. இந்நுட்பத்தைத் திருமதி ஹீலிஸ் நன்குணர்ந்தார்.

1923ஆம் ஆண்டிலே ட்றவுற்பெக் பார்க் என்னும், ஏறத்தாழ 2,000 ஏக்கர் பரப்புள்ள பெருங்கமத்தை வாங்கத் துணிந்தார். அதன் மந்தை அப்போது ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு நோயால் நலிந்து கிடந்தது. நிலத்தைத் திருத்தினார், அக்காலத்துப் புதிய மருந்துகளைத் துணிந்து பயன்படுத்தினார், மந்தை மீண்டது. பின்னர் தொம் ஸ்ரோறி என்னும் தேர்ந்த இடையரை அமர்த்தி, 1927ஆம் ஆண்டு முதல் ஹில் ரொப்பிலே காட்சிக்குரிய தூய ஹேர்ட்விக் மறிகளை வளர்க்கச் செய்தார். 1930க்குப் பின் வந்த ஆண்டுகளிலே ஏரிநாட்டுக் காட்சிகளில் அவருடைய மறிகள் பரிசுமேற் பரிசு பெற்றன. அவரே நடுவராகவும் அமர்ந்தார். ஆட்டின் வாயைத் திறந்து பல்லை நோக்கவும், கம்பளியைப் பிரித்து அடிமயிரின் செறிவை அறியவும், கால் நிலையைக் கண்டு மலையேறும் வலுவை மதிக்கவும் அவர் கற்றிருந்தார். நுணுக்குக்காட்டியிற் காளான் வித்தியை நோக்கிய கண் வீணாகவில்லை. கழகத்தார் மதியாத அக்கூர்மையை இடையர் மதித்தனர்.

உடையிலும் அவர் தம் மந்தையையே சார்ந்திருந்தார். ஹேர்ட்விக் கம்பளியால் நெய்த தடித்த சட்டையும் பாவாடையும், காலிலே மரத்தடிச் செருப்பும், மழைநாளிலே தோள்மேற் சாக்கும் அணிந்து வயல்வழி நடப்பார். அவரை வழியிற் கண்ட நாடோடி ஒருவன் தன்னைப் போன்ற ஓர் ஏழை எனக் கருதி இரங்கிப் பேசினான் என்று ஒரு கதை வழங்குகின்றது. நிறந்தோய்ந்த பருத்தித் துணியால் எழுந்த செல்வத்தின் வழித்தோன்றல், நிறமேறாத முரட்டுக் கம்பளியை உவந்து உடுத்து அவ்வாறு நடந்தார்.

1929ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளிவந்த அவருடைய நெடுங்கதை நூலிலே ஹேர்ட்விக் ஆடுகளும் கூடியிருந்து கதை பேசுகின்றன. 1930ஆம் ஆண்டளவிலே மொங்க் கொனிஸ்ரன் என்னும் 4,000 ஏக்கர் அளவான பெருநிலம் விலைக்கு வந்தபோது, அது துண்டாகாதிருத்தற்காக முழுவதையும் தாமே வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே தேசிய நிதியத்துக்குக் கொடுத்தார். சில ஆண்டுகள் நிதியத்தின் பாதியையுந் தாமே மேற்பார்த்தார். றோன்ஸ்லி 1920ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். மாணவியின் செயலைக் காண அவர் இருந்திலர்.

மரணசாசனம்

ஹேர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் 1916ஆம் ஆண்டிலே தோன்றியது. ஆண்களே நிறைந்த அச்சங்கத்தார் 1943ஆம் ஆண்டிலே, அடுத்த தவணைக்குரிய தலைவராகத் திருமதி ஹீலிஸைத் தெரிவுசெய்தனர். பெண்ணொருவர் அப்பதவிக்குத் தெரிவானது அதுவே முதன்முறை. ஒருகாலத்திலே விஞ்ஞானக் கழகத்தின் வாயிலிலே தடுக்கப்பட்டவரை, மலைநாட்டு இடையர் தம் தலைமை இருக்கைக்கு அழைத்தனர். ஆனால் பதவியேற்குமுன், அவ்வாண்டு மார்கழி 22ஆந் திகதி, எழுபத்தேழாம் வயதிலே அவர் காலமானார். அவர் விருப்பப்படி சாம்பரைச் சோறியின் மேலுள்ள மலைச்சாரலிலே தூவியவர் இடையராகிய தொம் ஸ்ரோறி. இடம் இன்னதென்று ஊரறியச் சொல்லப்படவில்லை.

அவர் விட்டுச்சென்ற நிலம் 4,000 ஏக்கருக்கு மேற்பட்டது; கமங்கள் பதினான்குக்குக் குறையாதன. அவையாவும் தேசிய நிதியத்துக்கு உரியவாகுமாறு சாசனஞ் செய்திருந்தார். அச்சாசனத்திலே ஒரு விதி கருதத்தக்கது. மலைக்கமங்களிலே நிலத்தோடு சேர்ந்து இருக்கும் மந்தைகள் தூய ஹேர்ட்விக் இனமாகவே பேணப்படல் வேண்டும் என்பதே அது. நிலத்தைக் காப்பவர் பலர்; அந்நிலத்தை அறிந்த உயிரையுஞ் சேர்த்துக் காத்தாலன்றி நிலம் வெறுங்காட்சிப் பொருளாகும் என்பதை உணர்ந்தவர் சிலர். மந்தையில்லாத மலைக்கமம் மாணாக்கரில்லாத பாடசாலையை ஒக்கும்.

இன்றைய நிலை

அவருடைய அச்சம் வீணானதன்று என்பதைப் பிற்காலம் காட்டிற்று. 2001ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிற் கால்வாய் நோய் பரவியபோது மிகுந்த கேட்டை அடைந்தது ஏரிநாடு அடங்கிய கம்பிறியாவேயாகும். ஹேர்ட்விக் ஆடுகளின் மிகப் பெரும்பகுதி ஒரே பிரதேசத்திலே வாழ்வதால் இனமே அற்றுப்போமோ என அஞ்சினர். குளிர்காலத்துக்காகத் தாழ்நிலங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த இளம் ஆடுகள் பல கொல்லப்பட்டன. ஆயினும் உயர்மலை மந்தைகள் எஞ்சின. அவற்றிலிருந்து இனம் மீண்டது. 2013ஆம் ஆண்டிலே இவ்வாட்டின் இறைச்சி அவ்விடத்துக்கே உரியதெனப் பெயர்க்காப்புப் பெற்றது. 2017ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ ஏரிநாட்டை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. இயற்கையழகோடு இடையர் வாழ்வும் அவ்வேற்புக்குக் காரணமாயிற்று.

கம்பளியின் கதையோ இன்னும் முழுதும் நலமாக முடியவில்லை. அண்மை ஆண்டுகளில் ஆட்டைக் கத்தரிக்கும் கூலிக்கே கம்பளியின் விலை போதாத நிலை உண்டு. கம்பளியைச் சுமந்து சென்று விற்பதிலும் எரிப்பது நன்றெனக் கருதி எரித்த கமக்காரரும் உளர். மலைகளில் ஆடுகள் மிகுந்ததால் மரங்கள் தலையெடுக்க இயலவில்லை என்று முறையிடும் இயற்கையறிஞரும் உளர்; அவர் கூற்றையும் முற்றாகத் தள்ளுதல் நேர்மையன்று. ஆடும் மரமும் அளவறிந்து வாழும் வழியை அந்நாட்டார் தேடிக்கொண்டிருக்கின்றனர். அதேவேளை, கம்பளம், தடித்த துணி, சுவர்களிலே குளிர்தடுக்கும் அடைப்பு முதலியவற்றுக்கு இக்கம்பளியைப் பயன்படுத்துவோரும் தோன்றியுள்ளனர்.

ஒரு பொருளின் சிறப்பை அன்றாடச் சந்தை விலை கொண்டே அளத்தல் ஆகாது. சந்தையின் கண்ணுக்குக் குற்றமாகத் தோன்றியவையே மலையின் கண்ணுக்குக் குணமாயின. சாயத்தை ஏலாத மயிரே மழையைத் தடுத்தது. குத்தும் முரட்டுத்தன்மையே குட்டியைப் பனியிற் காத்தது. அம்மையாரின் வாழ்வும் அத்தகையதே. பிறர் ஊட்டிய சாயம் அவர்மேல் ஏறவில்லை. செல்வர் மகளுக்கென வகுத்த வாழ்வு அவருக்குப் பொருந்தவில்லை. விஞ்ஞானக் கழகம் அவரை ஏற்கவில்லை. நேசித்தவரை நோய் கொண்டுபோயிற்று. ஈற்றிலே எவரும் விரும்பாத ஓர் ஆட்டையும், எவரும் ஏற வருந்தும் மலைகளையும் தமக்கெனத் தெரிந்து, அவற்றின் நலத்திலே தம் நலத்தைக் கண்டார்.

குழந்தைகள் முயற்கதையைப் படித்து மகிழட்டும். வளர்ந்தபின் அக்கதை தந்த பொருள் எங்கே சென்றது என்பதையும் அறியட்டும். அஃது ஏரிநாட்டு மலைச்சாரலிலே, கரிய குட்டிகளாய்ப் பிறந்து சாம்பல் நிறத்து ஆடுகளாய் முதிர்ந்து, தாய் காட்டிய எல்லையை மீறாமல் இன்றும் மேய்ந்துகொண்டிருக்கிறது.